விறகுக் கணக்கு

எனக்கு ஓட்டைக் கை.
ஒரு பியானோவுக்குச் சுருதி சேர்த்தால் எண்பது யூரோ,
வீடு வந்து சேருமுன் ஐம்பது.
மீதி எங்கே என்றால்
பேருந்தைக் காட்டுவேன், பேக்கரியைக் காட்டுவேன்,
பழைய புத்தகக்கடை ராய்வோவைக் காட்டுவேன்.

தார்த்து நகரில் நானிருக்கும் பேட்டையில்
தெருக்களுக்கெல்லாம் காய்கறிப் பெயர்.
என்னுடையது உருளைக்கிழங்குத் தெரு.
மரவீடு, விறகடுப்பு,
நவம்பரிலேயே ஜன்னலில் பனி.

ஒரு வாரம் உட்கார்ந்து
எனக்கொரு கணக்குப்பிள்ளையை எழுதினேன்.
அறுபத்து மூன்று வரி.
குடியிருப்பு ஃப்ரிட்ஜின் தலையில்,
ஒரு விசை உதிர்ந்த மடிக்கணினிக்குள்.
தினமும் மதியம் இரண்டு பத்துக்கு விழிக்கும்.
வங்கி திறந்துவைத்த பூனைவாசலில் நுழையும்.
வெளியே எத்தனை டிகிரி என்று பார்க்கும்.
பூஜ்ஜியத்துக்குக் கீழே போன ஒவ்வொரு டிகிரிக்கும்
ஒரு யூரோ,
நடப்புக் கணக்கிலிருந்து விறகுக் கணக்குக்கு.

முதல் வாரம் கொஞ்சம் பிசகு.
எங்கோ ஒரு வரி தன்னையே திரும்பக் கூப்பிட,
அதே நான்கு யூரோ
இரண்டு கணக்குக்கும் நடுவே விடியவிடிய ஊஞ்சலாடியது,
நூற்றுப் பதினெட்டு முறை.
காலையில் வங்கியிலிருந்து ஒரு பெண்:
"ஐயா, இதைச் செய்வது நீங்கள்தானா?"
நான்தான் என்றேன்.
யோசித்து, நான் எழுதியது என்றேன்.
அவள் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.

ஜனவரி. மைனஸ் பதினான்கு, பதினான்கு யூரோ.
மைனஸ் இருபத்து மூன்று, இருபத்து மூன்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறே உறைந்து கிடந்தது,
இது அளந்துகொண்டிருந்தது.
எண்கள் ஏற ஏற
அடுப்போரம் கட்டைகள் இறங்கின.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி விறகு தீர்ந்தது.
லாரியோடு கெர்த்து வந்தாள்.
சேர்ந்திருந்த நூற்று எண்பத்தேழையும் கொடுத்தேன்.
கொட்டினாள். குவியல் என் இடுப்புக்கு எட்டவில்லை.
"ஜூலையில் இதே காசுக்கு ஒன்றரை மடங்கு,
அதுவும் காய்ந்தது" என்றாள்,
கையுறையைத் தட்டியபடி, என்னைப் பார்க்காமலே.
அடுத்த வீட்டு அவசரம் அவளுக்கு.

படியில் நின்றேன்.
தாகம் எடுத்தபின் கிணறு வெட்டியிருக்கிறேன்,
தானாகவே வெட்டும் மண்வெட்டி செய்து.
நிரலில் ஒரு தப்பும் இல்லை.
அறுபத்து மூன்று வரியும் சொன்னதைச் செய்தன.

அன்றிரவு, புகையும் ஈரக்கட்டைமுன் உட்கார்ந்து
ஒரே ஒரு குறியைத் திருப்பினேன்.
கிழக்கே பார்த்த நாரையின் அலகு
மேற்கே பார்த்தது. அவ்வளவுதான்.
இனி பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும்.
கூடவே ஒரு பூட்டு:
ஆகஸ்டுவரை எடுக்க முடியாது,
கேட்பது நானே ஆனாலும்.

ஏப்ரலில் எட்டு, ஒன்பது. தாங்கியது.
மே மாதம் பதினெட்டு.
காபியை வீட்டிலேயே போட்டுக்கொண்டேன்.
ராய்வோ, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தான்.

ஜூலை. முப்பத்தொன்று.
ஆற்றோரச் சந்தையில் சீக்னேயோடு நிற்கிறேன்,
மூன்றாவது சந்திப்பு.
ஸ்ட்ராபெரி இரண்டு கிலோ,
என் செலவு என்று சொல்லி அட்டையை நீட்ட,
இயந்திரம் உதட்டைப் பிதுக்கியது.
மணி இரண்டு பன்னிரண்டு.
கைபேசியில் ஒரு வரி: விறகு, 31.00.

விறகுக் கணக்கில் ஒரு சிறு காட்டுக்குப் பணம் இருக்கிறது.
பழத்துக்கு இல்லை.
அவளிடம் என்ன சொல்வது?
வெயில் அடித்ததால் காசில்லை என்றா?
பிப்ரவரியில் ஒருத்தன் என்மேல் கோபமாயிருந்தான்,
அவன் போட்ட உத்தரவு என்றா?

சொன்னேன். எல்லாவற்றையும்,
நாரையின் அலகுவரை.
அவள் சில்லறை எண்ணிக் கொடுத்தாள்.
ஒரு பழத்தைக் கடித்தபடி கேட்டாள்:
"நாளைக்கு முப்பத்து மூன்றாமே?"

அண்ணாந்து பார்த்தேன்.
பேருக்குக்கூட ஒரு மேகமில்லை.